மரக் கார் பரிசு: கிட்டா, பலகையா, கட்டையா, அடுக்கா?

மரத்தில் ஒரு மாடல் கார் செய்து பரிசாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் அடுத்துக் கேட்பது 'எது சுலபம்?' என்பதைத்தான். வழிகள் நான்கு. லேசரில் வெட்டி வைத்த கிட் வாங்கி மாட்டலாம். வரைபடத்தை வைத்துக்கொண்டு பலகையிலிருந்து ஒவ்வொரு பாகமாகச் செய்யலாம். ஒரே கட்டையைச் செதுக்கி எடுக்கலாம். இல்லையென்றால் பலகைத் துண்டுகளை அடுக்கி ஒட்டி, பிறகு வடிவத்துக்குக் கொண்டுவரலாம். இதில் சுலபமானது கிட்தான், அதில் பேச்சே இல்லை. ஆனால் பரிசு என்று வந்துவிட்டால் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கார் என்பதை. அது முடிவானால் முறை முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்காக அவசர அவசரமாக வடிவமைத்த வண்டி. தட்டையான பானெட், தட்டையான மட்கார்ட், நேராக ஓடும் பக்கத் தகடுகள். மெல்லிய பலகையில் வெட்டி ஒட்டினாலே ஜீப் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அப்படி இல்லை. ஸ்கேலை வைத்து நேர்க்கோடு போட அதில் இடமே கிடையாது. பலகைகளை ஒட்டிப் பீட்டில் செய்யப் பார்த்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி இன்னொரு ஜாதி. அச்சு, ஸ்பிரிங், ஆரக்கால் சக்கரம், கால் வைத்து ஏறும் பலகை எல்லாமே வெளியே தெரியும். அதைக் கட்டையிலிருந்து செதுக்க முடியாது. பாகம் பாகமாகத்தான் செய்தாக வேண்டும்.

பரிசு பெறுகிறவர் அந்தக் காரோடு வாழ்ந்தவர் என்றால் மாடல் எந்த வருடத்தது என்பதும் முக்கியம். பீட்டிலின் பின்கண்ணாடி 1953 வரை நடுவில் கம்பியோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. அதன் பிறகு 1957 வரை முட்டை வடிவத்தில் ஒரே கண்ணாடி. அப்புறம்தான் பெரிய கண்ணாடி. போர்க்கால ஜீப்பின் முன்தகட்டில் ஒன்பது நீளத் துளைகள், பின்னால் பொதுமக்களுக்காக வந்த சிஜே ஜீப்பில் ஏழு. தெரிந்தவர் கையில் வாங்கியதும் எண்ணுவார். பாலிஷ் எவ்வளவு மின்னுகிறது என்பதை அவர் அதற்கு அப்புறம்தான் பார்ப்பார்.

அளவையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் முறைகளை ஒப்பிடுவதே அதைப் பொறுத்துத்தான். பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,400 மி.மீ. 1:24 அளவில், அதாவது நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்காகச் செய்தால், அது 10 செ.மீ., வண்டியின் மொத்த நீளம் சுமார் 17 செ.மீ. 1:12 என்றால் 20 செ.மீ. இடைவெளி, சுமார் 34 செ.மீ. நீளம். சின்னதாகச் செய்தால் வேலை குறையும் என்று தோன்றும். மரத்தில் அது தலைகீழ். 15 செ.மீ. கதவுக் கைப்பிடி 1:24-இல் 6 மி.மீ.தான். அவ்வளவு சின்னத் துண்டு மரத்தின் ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) குறுக்கே அமைந்துவிட்டால் விரல் பட்டாலே உடையும். நுணுக்கம் வேண்டுமென்றால் 1:12-க்குப் போங்கள், அலமாரியில் இடமில்லை என்றால் 1:16. அதற்குக் கீழே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வரைபடம் கிடைக்காத காருக்கும் வழி உண்டு. பக்கவாட்டில் நேராக எடுத்த ஒரு புகைப்படம் போதும். தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்ததாக இருந்தால் கோணல் குறைவாக இருக்கும். அச்சிடும்போது இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே உங்கள் கணக்கு சொல்லும் தூரம் வருகிற மாதிரி பெரிதாக்கினால் மற்றதெல்லாம் தானாக அந்த அளவுக்கு வந்துவிடும்.

கிட்

யூகியர்ஸ், ரோக்கர் மாதிரியான கிட்டுகளில் பிளைவுட் தகட்டில் நூற்றுக்கணக்கான பாகங்கள் வெட்டியே இருக்கும். விரலால் தள்ளி எடுத்து, படம் பார்த்து மாட்ட வேண்டியதுதான். பெரும்பாலும் பசையே தேவைப்படாது. ரப்பர் பேண்டை முறுக்கினால் ஓடும், பல்சக்கரம் சுழலும், சிலவற்றில் பிஸ்டன்கூட ஏறி இறங்கும். இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதில் மகிழ்கிறவருக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை. பலகையிலிருந்து நீங்களே இவ்வளவு துல்லியமான பல்சக்கரம் வெட்டுவது நடக்கிற காரியமும் இல்லை.

ஆனால் எந்தக் கார் என்பது உங்கள் கையில் இல்லை. அவருடைய காருக்குக் கிட் இல்லை என்றால் இல்லைதான். தவிர, கிட் காரின் உடல் விலா எலும்புக் கூடு போலத்தான் இருக்கும். வெட்டிய விளிம்பெல்லாம் லேசர் சுட்ட கருப்பு. சிலருக்கு அந்தக் கருப்பு அழகு. எனக்கு அது தொழிற்சாலையின் கையெழுத்து மாதிரித் தெரியும். அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் பொருந்தும் இடங்களில் கை வைக்கக் கூடாது. தேய்ந்தால் மூட்டு ஆடும். நிறம் பூசினாலும் இதே பிரச்சினை, எதிர்த்திசையில்: ஈரம் பட்டு பிளைவுட் உப்பினால் பாகம் துளைக்குள் போகாது. நாக்கு, துளை இரண்டையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசுங்கள். அச்சுகளிலும் பல்லிலும் மெழுகு தேய்க்க மறக்க வேண்டாம். ரப்பர் பேண்ட் சில வருடங்களில் இற்றுப்போகும், கூடவே ஒரு மாற்று ஜோடி வைத்துக் கொடுங்கள்.

இன்னொரு யோசனை. பெறுகிறவர் கைவேலையில் ஆர்வம் உள்ளவர் என்றால் கிட்டைப் பிரிக்காமலே கொடுத்துவிட்டு, உட்கார்ந்து சேர்ந்து மாட்டுங்கள். அப்போது கிட்டின் குறை எதுவும் குறையாகத் தெரியாது.

பலகையிலிருந்து பாகம் பாகமாக

இதுதான் பெரிய வேலை. நேரம் இருந்தால் நிறைவாக வருவதும் இதுதான். வளைவுகளை அறுக்கும் ஸ்க்ரோல் சா இயந்திரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மெல்லிய பிளேடு போட்ட கோப்பிங் சா என்ற கைரம்பம். அதோடு ஒரு டிரில், அரம் இரண்டு மூன்று, கிளாம்ப் எத்தனை கிடைக்கிறதோ அத்தனை. கிளாம்ப் மட்டும் எப்போதும் ஒன்று குறையும்.

இந்த முறையின் ருசி, நிறத்தை மரமே கொடுப்பதில் இருக்கிறது. டயருக்குக் கருமையான வால்நட் அல்லது ஈட்டி, ரிம்முக்கு வெளிறிய மேப்பிள், உடலுக்குத் தேக்கோ செர்ரியோ. பெயின்ட் டப்பாவைத் திறக்காமலே நான்கு நிறம் வந்துவிடும். மோரிஸ் மைனர் டிராவலர் மாதிரியான கார் என்றால் யோகம்தான்: 1953-இல் வந்த அந்த வண்டியின் பின்பாதியில் நிஜமாகவே ஆஷ் மரச் சட்டம் வெளியே தெரியும். அங்கே மரத்துக்கு மரமே வைக்கலாம். சிவப்புக் கார் என்று ஆசைப்பட்டுப் பாடாக் மரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதிதாக இழைத்தபோது ரத்தச் சிவப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். செர்ரி கருக்கும், வால்நட் வெளுக்கும். சேர்ந்தபோது பளிச்சென்று தெரிந்த வித்தியாசம் பின்னால் மங்கும் என்று கணக்குப் போட்டே மரம் எடுங்கள்.

ஆளை மடக்குவது சக்கரமும் மட்கார்டும்தான். சக்கரத்துக்கு டிரில்லில் ஹோல் சா என்ற வட்ட ரம்பத்தை மாட்டி வெட்டுவது வழக்கம். அதில் எழுதியிருக்கும் விட்டம் வெளிவட்டத்துடையது; கையில் வரும் வட்டு சில மி.மீ. சின்னதாக இருக்கும். அதனால் முதலில் கழிவுப் பலகையில் ஒன்று வெட்டி அளந்துகொள்ளுங்கள். பீட்டிலின் டயர் 1:12 அளவில் 54 மி.மீ. அருகே வர வேண்டும். நடுவில் தானாக விழும் துளை சுமார் 6 மி.மீ. என்பதால் 6 மி.மீ. உருளைக் குச்சி அச்சாகப் பொருந்திவிடும். அச்சைச் சக்கரத்தில் ஒட்டுங்கள், வண்டியின் அடியில் 7 மி.மீ. துளை போடுங்கள், உருளும். இனி, ஒரே பலகையில் வெட்டிய வட்டு வட்டமாகவே இருக்காது. மரம் ரேகைக்குக் குறுக்கே ஈரத்துக்குத் தக்கபடி விரியும், சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. பருவம் மாறியதும் சக்கரம் அரை மி.மீ. முட்டையாகலாம். இரண்டு மெல்லிய வட்டுகளை ரேகை குறுக்கு மறுக்காக இருக்கும்படி ஒட்டிவிட்டால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஒட்டிய சக்கரத்தை ஒரு போல்ட்டில் கோத்து டிரில்லில் சுழலவிட்டு உப்புத்தாள் காட்டினால் கடைசல் இயந்திரம் இல்லாமலே விளிம்பு உருண்டு வரும்.

மாடல் டி செய்கிறவர்களுக்கு ஆரக்கால் வேலை கூடுதல். நிஜ வண்டியிலேயே ஹிக்கரி மரத்தில் செய்த 12 ஆரக்கால்கள்தான். ஒரு பலகையில் வட்டம் போட்டு 30 பாகைக்கு ஒரு கோடு கிழித்து, அதன் மேலேயே வளையத்தையும் நடுக்குடத்தையும் பிடித்து வைத்து, மூங்கில் குச்சிகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். முதல் சக்கரம் பொறுமையைச் சோதிக்கும். நான்காவது வரும்போது கை பழகியிருக்கும். ஆகவே முதலில் செய்ததைப் பின்பக்கம், பார்வை படாத ஓரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மட்கார்டில் பலகையை வளைவாக அறுத்தால் வளைவின் ஏதாவது ஓரிடத்தில் ரேகை குறுக்காக வந்தே தீரும். அந்த இடத்தில்தான் ஒருநாள் உடையும், பெரும்பாலும் யாராவது தூசி துடைக்கும்போது. வழி இருக்கிறது. மட்கார்டின் உள்வளைவு வடிவில் ஒரு கட்டையைச் செய்துகொண்டு, அதன்மேல் 0.6 மி.மீ. வெனீர் (தாள் போன்ற மரத் தகடு) நான்கு அடுக்கு பசை தடவி வைத்து, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விடுங்கள். எடுக்கும்போது இம்மியளவு விரிந்துகொடுக்கும், அதற்காகக் கட்டையின் வளைவைக் கொஞ்சம் இறுக்கமாகவே செய்ய வேண்டும். ரேகை வளைவோடு கூடவே ஓடுவதால் இரண்டரை மி.மீ. கூட இல்லாத அந்தத் தகடு உடைவதே இல்லை. நான்கு மட்கார்டுக்கு நான்கு இரவு ஆகும், அவசரப்படுத்த முடியாது.

ஜன்னல் தூண்களுக்கும் இதே நியாயம். கூரையும் தூணும் சேர்ந்த மாதிரி ஒரே பலகையில் அறுக்காமல், கூரையைத் தனியாகச் செய்து, தூண்களாக மெல்லிய குச்சிகளை நட்டு நிறுத்துங்கள்.

கட்டையைச் செதுக்குவது

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்காக ஒரு மாடல் போட்டி நடத்தியது. ஆரம்பத்தில் கோச் வண்டி மாடல், பின்னாளில் தங்கள் கற்பனைக் காரை 1:12 அளவில் செய்து அனுப்ப வேண்டும். பலர் மரக் கட்டையைத்தான் செதுக்கினார்கள். 1947-இல் பரிசு வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவரே ஆனார். பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக் கருவிகளோடு செய்தது என்பதால் இது ஒன்றும் மந்திரவித்தை இல்லை. ஆனால் அவர்களுக்குப் பல மாதங்கள் கையில் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும்.

கட்டையின் பக்கத்தில் பக்கத்தோற்றத்தையும் மேலே மேல்தோற்றத்தையும் வரைகிறார்கள். பேண்ட் சா என்ற பட்டை ரம்ப இயந்திரத்தில் முதலில் பக்கத்தோற்றத்தை அறுத்து, விழுந்த துண்டுகளை டேப் போட்டுத் திரும்ப ஒட்டிவிட்டு, பிறகு மேல்தோற்றத்தை அறுக்கிறார்கள். டேப்பைப் பிரித்தால் சப்பட்டையாக, முனை முனையாக ஒரு கார் உள்ளே இருக்கும். மிச்சம் உளி, அரம், உப்புத்தாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக வருவதுதான் பாடு. அட்டையில் பாதி வடிவம் வெட்டி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்; இருட்டில் தடவினால்கூடத் தெரிகிற மேடு பள்ளம் வெளிச்சத்தில் கண்ணை ஏமாற்றும்.

இரண்டு பாதிக் கட்டைகளை நடுவே ஒரு பழுப்புக் காகிதம் வைத்து ஒட்டிக்கொண்டு செதுக்குவது பழைய உத்தி. நடுக்கோடு எப்போதும் கண்முன் இருக்கும். செதுக்கி முடித்து உளியை அந்தக் கோட்டில் வைத்துத் தட்டினால் காகிதம் கிழிந்து இரண்டாகப் பிரியும், உள்ளே குடைந்துவிட்டுத் திரும்ப ஒட்டலாம்.

இந்த முறையில் உடல் கிடைக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இருக்கை, ஸ்டியரிங், திறக்கும் கதவு எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும். ஜன்னலைக் கருமையான மரத்தில் பதித்தோ வெறும் பள்ளமாக விட்டோ காட்டலாம். நுணுக்கமான கார் என்று மனதில் இருந்தது இன்ஜினும் டாஷ்போர்டும் என்றால் இது உங்களுக்கானது இல்லை. வளைவுதான் அந்தக் காரின் அழகு என்றால் வேறு எதுவும் இதற்குக் கிட்டே வராது. மரத்துக்கு பாஸ்வுட் நல்லது. ரேகை அவ்வளவாகத் தெரியாது, உளிக்கு எந்தப் பக்கமும் இணங்கும். பால்சா வேண்டாம், நகம் பட்டாலே குழியும்.

தடித்த கட்டையில் இன்னொரு தொல்லை: அது உள்ளே காய்ந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் காற்றில் காய வேண்டும் என்பது தச்சர்களின் கணக்கு. நான்கு அங்குலக் கட்டைக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பரிசு கொடுத்தபின் பானெட்டில் விரிசல் விட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுக்கி ஒட்டுவது

முதல்முறை செய்கிறவர், கிட் இல்லாத காரைச் செய்ய விரும்பினால் நான் சொல்வது இதைத்தான். காரை நீளவாக்கில் ஆறேழு பலகைகளாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் பக்கத்தோற்ற வடிவில் தனியாக அறுக்க வேண்டும். வெளிப் பலகைகளில் சக்கரக் குழியையும் ஜன்னலையும் ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிடலாம். நடுப் பலகைகளில் உட்காரும் இடத்தைக் காலியாக விடலாம். ஒட்டிய பிறகு பார்த்தால் குடையவே தேவையில்லாமல் உள்ளே வெற்றிடமும் வெளியே செதுக்க முழுக் கட்டையும் கிடைத்திருக்கும். மெல்லிய பலகைகள் என்பதால் காய்ந்ததா என்ற கவலையும் குறைவு. செதுக்கும்போது பசைக்கோடுகளே வழிகாட்டி: இடப்பக்கத்தில் கோடு எங்கே வளைகிறதோ வலப்பக்கத்திலும் அங்கேயே வளைய வேண்டும். ஒரு துண்டு பாழானால் அதை மட்டும் திரும்ப வெட்டினால் போதும், முழுக் கட்டையும் போகாது.

கோடு தெரியுமே என்பார்கள். தெரியும்தான். மறைக்கப் பார்க்காமல் நடுவே ஒரு கருமையான பலகையைக் கொடுத்தால் பானெட்டிலிருந்து டிக்கி வரை ஓடும் பந்தயப் பட்டையாகிவிடும். எல்லாப் பலகைகளின் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும் என்பதை மட்டும் விடாதீர்கள். தேக்கை ஒட்டுவதாக இருந்தால் முதலில் தின்னர் அல்லது அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள், அதன் இயற்கை எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. வழிந்த பசை எங்கேயாவது படிந்திருந்தால் அங்கே மட்டும் பாலிஷ் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். பாலிஷுக்கு முன் தின்னர் தொட்டுத் துடைத்துப் பார்த்தால் திட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

நாள் கணக்கு

பிறந்தநாளை வைத்துப் பின்னோக்கி எண்ணும்போது பூச்சு காயும் நாட்களை முதலில் கழித்துவிடுங்கள். ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு மணிக்கணக்கில் காயும். எண்ணெய்ப் பூச்சு நன்றாக இறுகச் சில வாரங்கள் வேண்டும். அவசரத்தில் பெட்டிக்குள் வைத்தால் சுற்றிய காகிதம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது, அது காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியே உலர்த்துங்கள், இல்லையென்றால் தண்ணீரில் போடுங்கள். முகமூடி இல்லாமல் உப்புத்தாள் பிடிக்காதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது.

இரண்டு வார இறுதிகள்தான் இருக்கின்றன என்றால் பலகை வேலையில் அகலக்கால் வைக்காதீர்கள். அடுக்கு முறையில் உடலை மட்டும் செய்துவிட்டு, மரப் பொம்மைக்கென்று விற்கும் ஆயத்தச் சக்கரங்களை மாட்டிக் கொடுக்கலாம். பார்ப்பவருக்கு உறுத்தாது. தன்மானம் உறுத்தினால் ரிம்முக்கு மேல் ஒரு மேப்பிள் வட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்றால் இந்த ஒப்பீடே வேறு. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கும் பொருள்தான். ஹெட்லைட், கண்ணாடி, கைப்பிடி எல்லாம் அதில் அடங்கிவிடும். அந்தக் குழந்தைக்கு வழவழப்பான ஒரே கட்டைக் கார், பெரிய சக்கரம், ஷெல்லாக் பூச்சு, அவ்வளவுதான். நுணுக்கமான கார் அதன் தாத்தாவுக்கு.

கடைசியாகப் பெட்டி. நான்கு முறைகளிலும் முடித்த காரைச் சக்கரத்தில் நிற்கவைத்து அனுப்பக் கூடாது. ஓர் அடிப்பலகை செய்து, கீழிருந்து இரண்டு திருகாணிகளை வண்டியின் அடியில் ஏற்றி, சக்கரம் பலகையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். பஞ்சோ ஃபோமோ பானெட்டையும் டிக்கியையும் பிடிக்கட்டும், மட்கார்டை அழுத்த வேண்டாம். பக்கக் கண்ணாடிகளை ஒட்டாமல் குச்சி முனையில் செருகும்படி செய்து தனிப் பொட்டலமாக வைத்தால் போய்ச் சேர்ந்த பிறகு அவரே செருகிக்கொள்ளலாம். வேறு நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் ஈட்டி மரத்தைத் தவிர்ப்பது நல்லது. அது சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. டயருக்கு வால்நட்டே போதும்.